சிறுமலை ஏற்றத்தில் மட்டும் வந்த 'டிக் டிக்' சத்தம்

மதுரையிலிருந்து நண்பர்களோடு சிறுமலைக்குப் போனபோது, அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் என் மவுண்டன் பைக்கில் ஒவ்வொரு மிதிக்கும் 'டிக் டிக்' என்று சத்தம். சமதளத்தில் இல்லவே இல்லை. பாட்டம் பிராக்கெட்தான் (பெடல் அச்சு சுழலும் பேரிங் பகுதி) என்று எல்லோரும் சொன்னார்கள். அதைப் புதிதாக மாற்றியும் சத்தம் போகவில்லை. பெடலைக் கழற்றி மரையில் கிரீஸ் வைத்தேன், செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்) போல்ட்டுகளை இறுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி மலைக்குப் போனபோது பின்னால் வந்த நண்பன்தான் கவனித்தான்: எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது, உட்கார்ந்தால் திரும்ப வருகிறது. அப்படியென்றால் பிரச்சினை சீட் பக்கம்.

வீட்டில் உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்து சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் தண்டு) உருவினேன். காய்ந்த கிரீஸோடு செம்மண் தூசி அப்பியிருந்தது. அது இறங்கும் ஃபிரேம் குழாயின் உள்பக்கத்தையும் துடைத்து, மெல்லிசாகப் புது கிரீஸ் தடவி, கிளாம்பில் அச்சிட்டிருந்த அளவுக்கு இறுக்கினேன். சத்தம் போயே போச்சு, பெரிய நிம்மதி.

ஃபிரேம் குழாய் உள்ளே காலியாக இருப்பதால் மேலே வரும் சத்தம் கீழே கிராங்க்கில் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) வருவதுபோலக் கேட்கும், அதுதான் எல்லோரையும் குழப்புகிறது. கார்பன் போஸ்ட் என்றால் சாதா கிரீஸ் வேண்டாம், அதற்கென்று இருக்கும் பேஸ்ட்டைத் தடவுங்கள்.