டெட்ரிஸ் மெட்டை நீங்களே அமைப்பது எப்படி: கேம்பாய் நான்கு சேனலிலிருந்து பியானோ, கிட்டார் வரை

டெட்ரிஸ் என்றதும் காதில் ஓடும் அந்த மெட்டு விளையாட்டுக்காக எழுதப்பட்டது அல்ல. அது 'கொரொபெய்னிகி' என்ற ரஷ்ய நாட்டுப்பாடல். ஊர் ஊராகச் சரக்குச் சுமந்து விற்கும் வியாபாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் பேரம் பேசுவதுதான் பாட்டின் கதை. வரிகள் நிக்கலாய் நெக்ராசவ் 1861-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. 1989-இல் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு டெட்ரிஸ் வந்தபோது நின்டென்டோவின் ஹிரோகாசு தனாகா இதை 'ஏ டைப்' இசையாக அமைத்தார். ஜப்பானில் முதலில் வெளிவந்த பதிப்பில் அந்த இடத்தில் வேறொரு இசை இருந்தது. அடுத்த பதிப்பில்தான் கொரொபெய்னிகி வந்து உட்கார்ந்தது.

இந்த மெட்டை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அமைத்திருக்கிறார்கள். 1992-இல் 'டாக்டர் ஸ்பின்' என்ற பெயரில் வந்த நடன வடிவம் பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை ஏறியது. எல்லா வடிவங்களுக்கும் அடியில் இருக்கும் எலும்புக்கூடு ஒன்றே: மெட்டு, பாஸ் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் ஆதாரம்), இரண்டாம் குரல், தாளம். இந்த நான்கையும் கேம்பாய் முறையில் ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால், மற்ற வாத்தியங்களுக்கு மாற்றுவது எளிது. புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் நாளே பதினைந்து டிராக் அடுக்குவது. நான்கு போதும்.

என்னென்ன வேண்டும்

கணினியில் ஹ்யூஜ்ட்ராக்கர் என்ற இலவச மென்பொருள் இருந்தால் நல்லது. கேம்பாயின் நான்கு சேனல்களும், அதாவது இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ் என்ற தனித்தனி ஒலிப்பாதைகளும், அதில் அப்படியே கிடைக்கும். நிறுவ முடியாதவர்கள் பிரவுசரில் ஓடும் பீப்பாக்ஸில் செய்யலாம். ட்ராக்கர் என்பது ஸ்வரங்களை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எழுதும் மென்பொருள். கீழே வரும் 'வரி' என்பது அதன் ஒரு வரிசை; ஒரு பீட்டுக்கு 4 வரி, ஒரு பாருக்கு 16 வரி. ட்ராக்கரின் ஒரு பேட்டர்ன் 64 வரி, அதாவது சரியாக 4 பார். மெட்டின் முதல் பகுதி 8 பார், இரண்டாம் பகுதி 8 பார். ஆக, மொத்தம் 4 பேட்டர்ன்.

வேகத்தை ஒரு வரிக்கு 6 டிக் என்று வையுங்கள். கேம்பாய் திரை நொடிக்கு 59.73 முறை புதுப்பிக்கப்படுகிறது; ஒரு புதுப்பிப்புக்கு ஒரு டிக். அந்தக் கணக்கில் 6 டிக் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 149 பீட். 7 டிக் வைத்தால் 128, 5 வைத்தால் 179. நடுவில் ஒரு வேகம் வேண்டுமென்றால் இந்த முறையில் கிடைக்காது. பழக்கத்துக்கு 6 மிகச் சரியான இடம்.

மெட்டு

ஏ மைனரில் எழுதுகிறோம். நம் கணக்கில் 6 கட்டை, ஏ-தான் ஸ; ரி பி, க சி, ம டி, ப இ, த எஃப். பக்கத்தில் உள்ள எண் அந்த ஸ்வரம் எத்தனை வரி நீளும் என்பது. கோடு என்றால் மௌனம்.

1: ப4 ரி2 க2 ம4 க2 ரி2
2: ஸ4 ஸ2 க2 ப4 ம2 க2
3: ரி6 க2 ம4 ப4
4: க4 ஸ4 ஸ4 –4
5: –2 ம4 த2 மேல்ஸ4 நி2 த2
6: ப6 க2 ப4 ம2 க2
7: ரி4 ரி2 க2 ம4 ப4
8: க4 ஸ4 ஸ4 –4

இரண்டாம் பகுதி நீண்ட ஸ்வரங்களால் ஆனது:

9: ப8 க8
10: ம8 ரி8
11: க8 ஸ8
12: கீழ்நி8 ரி8
13: ப8 க8
14: ம8 ரி8
15: க4 ப4 மேல்ஸ8
16: நி16

முதல் எட்டு பார் முழுவதும் ஒரே ஸ்தாயிக்குள், ஸ-விலிருந்து மேல்ஸ வரைதான் நகர்கிறது. எந்த வாத்தியத்துக்கும் இந்த மெட்டு உடனே பொருந்துவதற்கு அதுதான் காரணம்.

இனி, தவறவிடவே கூடாத ஒன்று. 5-ஆம் பாரில் வரும் நி கைசிகி நிஷாதம், அதாவது சாதாரண ஜி. 12, 16-ஆம் பார்களில் வரும் நி காகலி நிஷாதம், அதாவது ஜி ஷார்ப். முதல் பகுதியின் மெட்டு நடபைரவியின் ஸ்வரங்களில் நிற்கிறது, இரண்டாம் பகுதி கீரவாணிக்குப் போகிறது என்று சொல்லலாம். பீப்பாக்ஸ் போன்றவற்றில் ஸ்கேலை மைனர் என்று பூட்டிவிட்டால் ஜி ஷார்ப் போடவே விடாது; இரண்டாம் பகுதி உப்புச் சப்பில்லாமல் போகும். ஹார்மோனிக் மைனர் என்று பூட்டினால் 5-ஆம் பார் கெட்டுவிடும். பூட்டை எடுத்துவிட்டுக் கையால் போடுவதே சரி.

ஸ்தாயி எண் மென்பொருளுக்கு மென்பொருள் ஒன்று கூடக் குறையக் காட்டும். எண்ணை நம்பாதீர்கள். நடு ஸ-வை ஒலிக்கவிட்டு, போனில் உள்ள ட்யூனர் ஆப் 440 ஹெர்ட்ஸ் காட்டுகிறதா என்று பாருங்கள்.

மெட்டுக்கான சத்தம்

முதல் பல்ஸ் சேனலில் மெட்டைப் போடுங்கள். ட்யூட்டி (ஒரு அலையில் ஒலி மேலே நிற்கும் பங்கு, தொனியை மாற்றுவது இதுதான்) 25%, தொடக்க ஒலியளவு 12. பல்ஸ் சேனலில் 12.5, 25, 50, 75 என நான்கு ட்யூட்டிகள் உண்டு. மெட்டுக்கு 25, இரண்டாம் குரலுக்கு 75 என்று வைத்துவிட்டு இரண்டும் ஏன் ஒரே மாதிரி கேட்கிறது என்று பலர் குழம்புவார்கள். 75 என்பது 25-இன் தலைகீழ் வடிவம். காதுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாம் குரலுக்கு 50 அல்லது 12.5 வையுங்கள்.

அடுத்து என்வலப், அதாவது ஸ்வரம் தொடங்கிய பின் ஒலியளவு தேயும் விதம். ஒலியளவு தேயாமல் நின்றால் 2-ஆம் பாரின் 'ஸ ஸ' இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே நீள ஸ-வாகக் கேட்கும். 4-ஆம் பாரிலும் இதே சிக்கல்தான். கேம்பாய் சிப்பில் தேயும் வேகத்துக்கு 1 முதல் 7 வரை எண் உண்டு: 1 மிக வேகம், 7 மிக மெதுவு, 0 என்றால் தேய்வதே இல்லை. ஒவ்வொரு படி இறங்கவும் அந்த எண்ணை 64-ஆல் வகுத்த நொடி ஆகும். ஆகவே 12-இலிருந்து 3 என்ற வேகத்தில் இறங்கினால் 0.56 நொடியில் ஒலி அடங்கும். நம் வேகத்தில் ஒரு பீட் 0.4 நொடி, முதல் பகுதிக்கு இது அளவாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டாம் பகுதியில் 8 வரி ஸ்வரம் 0.8 நொடி ஓட வேண்டும், அதே வாத்தியம் பாதியிலேயே செத்துவிடும். அதற்குத் தனியாக இன்னொரு வாத்தியம் செய்து வேகத்தை 5 ஆக்குங்கள். கடைசி நி16-க்கு ஒலியளவு 15, வேகம் 7, அது 1.64 நொடி நிற்கும், தேவையோ 1.6.

பாஸ்: இதை இரண்டாவதாகப் போடுங்கள்

மெட்டு முடிந்ததும் பலரும் தாளத்துக்குத் தாவுவார்கள். பாஸ் முதலில் வரட்டும். மெட்டு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது பாஸ்தான். ஒரு பாருக்கு ஒரு ஆதார ஸ்வரம்:

முதல் பகுதி: ப, ஸ, ப, ஸ, ம, க, ப, ஸ
இரண்டாம் பகுதி: ஸ, ப, ஸ, ப, ஸ, ப, ஸ, ப

ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு வரியாக, கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என மாற்றி மாற்றி ஒரு பாருக்கு எட்டு முறை அடியுங்கள். இதை வேவ் சேனலில் போட வேண்டும். பல்ஸ் சேனல் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, ஆனால் பாஸின் கீழ் ஸ 55 ஹெர்ட்ஸ். வேவ் சேனல் 32 வரை போகும். இந்த ஸ்தாயித் தாவல் வெறும் அலங்காரம் இல்லை. போன் ஸ்பீக்கரிலும் கேம்பாயின் சின்ன ஸ்பீக்கரிலும் 55 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. மேல் ஸ்தாயி அடிதான் அங்கே பாஸைத் தாங்கிப் பிடிக்கிறது.

வேவ் சேனலுக்கு என்வலப் கிடையாது; ஒலியளவும் 0, 25, 50, 100 என நான்கே நிலைதான். எனவே ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அடுத்த வரியில் நோட் கட் (ஒலியை நிறுத்தும் கட்டளை) போடுங்கள். போடாவிட்டால் பாஸ் இழுத்துக்கொண்டே போய் மெட்டை மூழ்கடிக்கும். அலைவடிவத்துக்கு முக்கோணம் போதும்.

இரண்டாம் குரல்

இரண்டாவது பல்ஸ் சேனல், ட்யூட்டி 50%, ஒலியளவு 7. மெட்டைவிட இது மேலே கேட்டால் அமைப்பே குழம்பிவிடும்.

1: ரி4 கீழ்நி2 ஸ2 ரி4 ஸ2 கீழ்நி2
2: கீழ்ப4 கீழ்ப2 ஸ2 க4 ரி2 ஸ2
3: கீழ்நி6 ஸ2 ரி4 க4
4: ஸ4 கீழ்ப4 கீழ்ப4 –4
5: –2 கீழ்த4 ஸ2 க4 ரி2 ஸ2
6: கீழ்நி6 கீழ்ப2 கீழ்நி4 கீழ்த2 கீழ்ப2
7: கீழ்நி4 கீழ்நி2 ஸ2 ரி4 க4
8: ஸ4 கீழ்ப4 கீழ்ப4 –4

நிஷாதத்துக்கு ஒரே விதி: 5, 6-ஆம் பார்களில் மட்டும் கைசிகி, இரு குரலிலும் மற்ற எல்லா இடத்திலும் காகலி. 1, 3, 7-ஆம் பார்களில் மெட்டில் நி வருவதே இல்லை. அந்தக் காகலியைத் தருவது இந்த இரண்டாம் குரல் மட்டுமே. பாஸோடு சேர்ந்து அது ஸ-வை நோக்கி இழுக்கும் அந்த இழுப்புதான் இந்தப் பாட்டின் உயிர். இரண்டாம் குரலை அணைத்துவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை 3-ஆம் பாரைக் கேளுங்கள், புரிந்துவிடும்.

இரண்டாம் பகுதிக்கு நீண்ட ஸ்வரம் வேண்டாம். ஸ பாஸ் உள்ள பார்களில் 'ஸ க ப க', ப பாஸ் உள்ள பார்களில் 'கீழ்ப கீழ்நி ரி கீழ்நி' என இரண்டிரண்டு வரியாக ஓடவிட்டால் மெட்டு நிதானமாக நிற்கும்போதும் ஓட்டம் நிற்காது.

தாளம்

நாய்ஸ் சேனலில் 2, 4-ஆம் பீட்டுகளில் சற்றுக் கனமான சத்தம், நடுவில் இருக்கும் அரை பீட்டுகளில் மிகக் குட்டையான 'ட்ஸ்'. அவ்வளவே. நாய்ஸில் 7-பிட் முறையைத் தெரியாமல் தேர்ந்தெடுத்தால் தகரத்தைத் தட்டியது போல ஸ்ருதியோடு ஒலித்து மெட்டோடு முட்டும். 15-பிட் முறையில் வையுங்கள்.

பியானோவுக்கு மாற்றும்போது

வலது கையின் கட்டை விரலை ஏ-யில் வைத்தால் ஏ முதல் இ வரை ஐந்து விரலுக்கு ஐந்து கட்டைகள். முதல் நான்கு பாரும் கை நகராமலே வாசிக்கலாம். 5-ஆம் பாரின் தொடக்கத்தில் உள்ள மௌனம் கையை நகர்த்தக் கிடைக்கும் இடம்: கட்டை விரலை டி-க்குக் கொண்டு போய் 1, 3, 5, 4, 3 விரல்கள். 6-ஆம் பாரில் 2, 1, 3, 2, 1. அடுத்த ரி-யை 2-ஆம் விரலால் கட்டை விரலைத் தாண்டிப் பிடித்தால் பழைய இடத்துக்கே கை வந்துவிடும். சிலர் மௌனத்தை விட்டுவிட்டு ம-வை 6 வரியாக நீட்டுவார்கள். பாட்டுக்கு அது தவறில்லை, ஆனால் கைக்குக் கிடைக்கும் நேரம் போய்விடும்.

இடது கையில் கேம்பாய் பாஸை அப்படியே வாசிக்க முயன்றால் மணிக்கட்டு வலிக்கும். பீட்டில் ஆதார ஸ்வரம், அரை பீட்டில் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) என்று மாற்றுங்கள். ப-வுக்கு இ செவன், ஸ-வுக்கு ஏ மைனர், ம-வுக்கு டி மைனர், க-வுக்கு சி மேஜர். 70 பீட்டில் தொடங்கி, தடுக்காமல் வந்த பிறகு ஐந்தைந்தாக ஏற்றுங்கள்.

கிட்டாரில்

ஏ மைனரை விட்டுவிட்டு இ மைனருக்கு மாறுங்கள், திறந்த இ தந்தி ஆதாரமாகக் கிடைக்கும். பவர் கார்டுகள் (ஆதார ஸ்வரமும் அதன் ப-வும் மட்டும்): பி, இ, பி, இ, ஏ, ஜி, பி, இ. டிஸ்டார்ஷனில் முழு கார்ட் பிடித்தால் சேறாகக் குழம்பும், அதனால்தான் பவர் கார்ட். ஆனால் பவர் கார்டில் காகலி நிஷாதம் இல்லை. எனவே 1, 3, 7-ஆம் பார்களில் இரண்டாம் குரலை இன்னொரு கிட்டார் கட்டாயம் வாசிக்க வேண்டும். இ மைனரில் அந்த ஸ்வரம் டி ஷார்ப். இணையத்தில் கிடைக்கும் பல மெட்டல் வடிவங்கள் வேகமிருந்தும் தட்டையாகக் கேட்பதற்கு இது இல்லாததுதான் காரணம்.

நாட்டுப்பாடல் வடிவில்

பாலலைகா என்ற ரஷ்யத் தந்தி வாத்தியமோ மாண்டலினோ இருந்தால் நீண்ட ஸ்வரங்களை ட்ரெமோலோவாக (ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப) அடியுங்கள், அக்கார்டியன் கார்ட் பிடிக்கட்டும். முதல் சுற்றை 90 பீட்டில் பாடுவது போல நிதானமாகத் தொடங்கி, ஒவ்வொரு 8 பாருக்கும் பத்துப் பீட் ஏற்றி 160 வரை போங்கள். 2019-இல் வந்த டெட்ரிஸ் 99-இலும் எதிராளிகள் குறையக் குறைய இந்த மெட்டு வேகமெடுக்கும். ட்ராக்கரில் டிக்கை மட்டும் மாற்றி இதைச் செய்யப் பார்த்தால் 128, 149, 179 எனப் படிக்கட்டுத் தாண்டுவது போலக் கேட்கும். நாட்டுப்பாடல் வடிவத்தை வேறு மென்பொருளில் செய்யுங்கள்.

முடிப்பதும் வெளியிடுவதும்

16-ஆம் பார் ப பாஸில் முடிகிறது, முதல் பாரும் ப-வில் தொடங்குகிறது. எனவே சுற்று தானாகவே மூடிக்கொள்ளும். விளையாட்டுக்கு அப்படியே விடலாம். மேடைக்கோ வீடியோவுக்கோ என்றால் முதல் பகுதியை இன்னொரு முறை வாசித்து 8-ஆம் பாரின் கடைசி ஸ-வில் எல்லாக் குரலையும் ஒன்றாக நிறுத்துங்கள்.

வெளியிடும் முன் ஒன்று. பழைய நாட்டுப்பாடல் மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, அதை நீங்கள் அமைக்கலாம். கேம்பாய் பதிவையோ இன்னொருவர் அமைத்த வடிவத்தையோ அப்படியே வெட்டி ஒட்டக் கூடாது. டெட்ரிஸ் என்ற பெயர் வணிகக்குறி. உங்கள் பதிவை விற்கப் போகிறீர்கள் என்றால் தலைப்பில் 'கொரொபெய்னிகி' என்றே போடுங்கள்.