மொக்கை போடுவது வேறு, வாங்குவது வேறு

குறும்படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் எழுதப்படும் வசனங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் புதியவர்கள். கதை நன்றாகவே இருக்கும், காட்சியும் ஓடும். ஆனால் ‘மொக்கை’ என்ற சொல் வருகிற இடத்தில் என் பேனா நின்றுவிடும். ஆள்தான் மாறுகிறாரே தவிர, தவறு மாறுவதில்லை. நானும் என் கூட்டாளிகளும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்தவையும் இவைதான். அதனால் இப்போது கண்ணில் சட்டென்று படுகின்றன.

‘மொக்கை’ என்று எழுதுவதா, ‘மொக்க’ என்று எழுதுவதா என்பதை விட்டுவிடுகிறேன். எப்படி எழுதினாலும் நடிகர் வாயில் ‘மொக்க’ என்றுதான் வரும்.

கூட வரும் வினையைக் கவனிக்காமல் எழுதுவது

கூர் மழுங்கிய கத்தி மொக்கை. எழுதித் தேய்ந்த பென்சில் மொக்கை. உட்கார முடியாத படம் மொக்கை. யாரும் நம்பாத சாக்கு மொக்கைக் காரணம். கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுவது மொக்கை ஜோக். இதுவரை சிக்கலே இல்லை. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘இதில் சரக்கில்லை’ என்று பொருள், அவ்வளவுதான்.

வினையோடு சேர்ந்தால்தான் இந்தச் சொல் வேலையைக் காட்டும். ‘மொக்கை போட்டான்’ என்றால் எதிரில் இருப்பவர் சலித்துப்போகும் அளவுக்குப் பேசினான். ‘மொக்கை வாங்கினான்’ என்றால் நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டான். ‘மொக்கை பண்ணிட்டான்’ என்றால் இன்னொருவர் மூக்கை உடைத்தான். ‘பிளான் மொக்கை ஆயிடுச்சு’ என்றால் போட்ட திட்டம் புஸ்ஸென்று போனது. அதையே ஓர் ஆள் தன்னைப் பற்றி, ‘நான் மொக்கை ஆயிட்டேன்’ என்று சொன்னால் அவமானப்பட்டு நிற்கிறார்.

புதியவர்கள் சறுக்குவது ‘போடு’, ‘வாங்கு’ இரண்டுக்கும் நடுவில். அதற்குக் காரணமும் உண்டு. தமிழில் இந்த இரண்டும் பல இடங்களில் ஜோடியாகவே வரும். ஒருவன் அடி போட்டால் இன்னொருவன் அடி வாங்குவான்; இரண்டும் ஒரே அடிதான். அதே கணக்கில் ‘மேனேஜர் மொக்கை போட்டார், நான் மொக்கை வாங்கினேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இங்கே அந்தக் கணக்கு உதவாது. மேனேஜர் ஒரு மணி நேரம் தன் இளமைக் காலக் கதையைச் சொன்னார் என்றால் அவர் மொக்கை போட்டார். கேட்டுக்கொண்டிருந்தவன் எதையும் வாங்கவில்லை, மாட்டிக்கொண்டான். அவன் எழுந்து ஒரு யோசனை சொல்லி, மேனேஜர் ஒரே வார்த்தையில் அதை நறுக்கி உட்கார வைத்திருந்தால்தான் அவன் மொக்கை வாங்கியவன். ‘வாங்கு’க்கு எதிர்ப்பக்கம் ‘பண்ணு’ அல்லது ‘குடு’. ‘போடு’க்கு எதிர்ப்பக்கம் ‘தாங்க முடியல’, ‘மாட்டிக்கிட்டேன்’, ‘தப்பிச்சு ஓடி வந்துட்டேன்’.

வேற்றுமை உருபும் காப்பாற்றாது. ‘அவர்கிட்ட மொக்கை போட்டேன்’, ‘அவர்கிட்ட மொக்கை வாங்கினேன்’ இரண்டிலும் அதே ‘கிட்ட’தான். முதலாவதில் பாவம் அவர், இரண்டாவதில் பாவம் நான். வினை ஒன்றுதான் அடையாளம்.

இதில் ஒரு குறும்படம் அடிபட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். வேலைக்குப் போன முதல் வாரத்தில் மேலதிகாரியிடம் அவமானப்பட்டு வரும் பையன், இரவு அறையில் நண்பனிடம் புலம்புகிறான். மொத்தப் படமும் அந்தப் புலம்பலில்தான் நிற்கிறது. வசனம் இப்படி இருந்தது: “எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மொக்கை போட்டேன்டா.” பிரதி என் கைக்கு வந்தபோது அந்த வரியைச் சுழித்து, ‘வாங்கினேன்’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதிய தம்பி கேட்கவில்லை. “அர்த்தம் புரியுதுல்ல சார், கேக்கறவங்க சீன்ல புரிஞ்சுக்குவாங்க” என்றார். இயக்குநருக்குத் தாய்மொழி வேறு. அவர் எழுத்தாளரை நம்பினார். அப்படியே எடுத்தார்கள்.

முன்னோட்டக் காட்சியில் அந்த வரி வந்ததும் அரங்கில் சிரிப்பு. அழ வேண்டிய இடம் அது. பையன் தன் மேலதிகாரியைப் பேசியே அறுத்துவிட்டு அதற்கு வருத்தப்படுகிறான் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. அடுத்த வரியில் நண்பன், “விடுடா, எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்று முதுகில் தட்டியதும் சிரிப்பு இன்னும் கூடியது.

டப்பிங்கில் சரி செய்துவிடலாம் என்றார்கள். அங்கேதான் அடுத்த சிக்கல். ‘போட்டேன்’ என்று சொல்லத் தொடங்கும்போது உதடுகள் இரண்டும் ஒட்டும். ‘வாங்கினேன்’ என்பதற்கு ஒட்டாது, கீழுதடு மேல்பல்லை நோக்கித்தான் போகும். போதாததற்கு ஓர் அசை கூடுதல். தூரத்தில் நிற்கிற ஆளாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இது திரை முழுக்க முகம் தெரிகிற குளோசப். குரல் ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொன்னது. நடிகரோ தாடி வளர்த்து அடுத்த படத்துக்குப் போயிருந்தார், மறுபடி எடுக்கவும் வழியில்லை. கடைசியில் அந்த வரி முழுவதையும் நண்பனின் முகத்தின் மேல் ஓட விட்டார்கள். அந்தப் பையன் உடைந்துபோகிற கணம், படத்தின் ஆகச்சிறந்த நடிப்பு, எடிட்டிங் மேசையிலேயே விழுந்தது. ஒரு வினைச்சொல்லுக்காக!

பிழையைவிட அந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. ‘கொச்சைதானே, எப்படிப் போட்டாலும் புரியும்’ என்ற நினைப்பு. உண்மையில் இலக்கணப் பிழையைக் கூட்டம் மன்னித்துவிடும். கொச்சையில் பிழை விட்டால், ‘இவன் நம்ம ஆள் இல்லை’ என்று அந்த நொடியிலேயே முடிவு கட்டிவிடும். இந்த வழக்குக்கு இலக்கணப் புத்தகம் கிடையாது; ஆனால் இலக்கணம் உண்டு, அது எல்லார் காதிலும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் வரியை உரக்கச் சொல்லி, ‘இதில் யார் பாவம்?’ என்று கேட்டுப் பாருங்கள். காட்சியில் பாவப்பட்டவரும் வாக்கியத்தில் பாவப்பட்டவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் வினை தப்பு.

‘நாங்க’ போடும் மொக்கையைக் குற்றமாக எழுதுவது

இதுவும் ‘போடு’ சம்பந்தப்பட்டதுதான், ஆனால் நுட்பமானது. ‘அவர் மொக்கை போட்டார்’ என்பது புகார். ‘நைட்டு முழுக்க மொட்டை மாடியில மொக்கை போட்டுட்டு இருந்தோம்’ என்பது புகாரே இல்லை, சந்தோஷம். ஆள் தன்மைப் பன்மைக்கு மாறியதும் அறுவை அரட்டையாகிவிடுகிறது. எல்லோருமே போடுகிறார்கள், யாருக்கும் சலிக்கவில்லை.

ஒரு பிரதியில் கதாநாயகி, “நீங்கல்லாம் சேர்ந்து மொக்கைதானே போட்டீங்க?” என்று கேட்டதும் நண்பர்கள் கூட்டம் கோபித்துக்கொண்டு வெளியேறியது. நிஜத்தில், “ஆமா, வா, நீயும் உக்காரு” என்றுதான் பதில் வரும். அதேபோல ‘ஒரு மொக்கை ஜோக் சொல்லட்டா?’ என்று தானே கேட்பவன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. சொல்லியே தீருவேன் என்று எச்சரிக்கிறான்.

காலம் பார்க்காமல் வாயில் வைப்பது

1980-களில் நடக்கும் கல்லூரிக் கதை ஒன்று வந்தது. பெல்பாட்டம், டேப் ரெக்கார்டர் எல்லாம் சரியாக இருந்தன. கான்டீனில் ஒரு மாணவன், “வாத்தியார் செம மொக்கைடா” என்கிறான். அந்தக் காலத்துப் பையன் ‘அறுவை’ என்பான், ‘பிளேடு போடறார்டா’ என்பான், ‘ரம்பம்’ என்பான். ஜோக் சரியில்லை என்றால் ‘கடி ஜோக்’. மொக்கை இந்தப் பொருளில் பட்டிதொட்டியெல்லாம் பரவியது பின்னால்தான். 2005-ஐ ஒட்டித் தமிழ் வலைப்பதிவுகள் பெருகியபோது, தங்கள் பதிவுகளுக்குத் தாங்களே ‘மொக்கை’ என்று குறிச்சொல் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். எழுத்தில் இந்தச் சொல் கூச்சமில்லாமல் உட்கார்ந்துகொண்டதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சலிப்பான பேச்சுக்கு நாம் வைத்த பெயர்களைப் பாருங்கள்: அறுவை, பிளேடு, ரம்பம், மொக்கை. எல்லாமே வெட்டுகிற சாமான்கள் பக்கத்திலிருந்து வந்தவை. முதல் மூன்றும் அறுக்கின்றன. மொக்கையோ கூரே இல்லாதது. அறுபடவும் செய்யாமல், விடவும் செய்யாமல் இழுக்கும். எந்தத் தலைமுறை அதிகம் அவதிப்பட்டது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வயதும் இதில் சேரும். எழுபது வயதுப் பாட்டி, “இந்த சீரியல் மரண மொக்கை” என்று சொன்னால் அது பாட்டியின் பேச்சு அல்ல, எழுத்தாளரின் பேச்சு. அதே பாட்டி, “அருவாமனை மொக்கையாப் போச்சு, சாணை பிடிக்கணும்” என்றால் கச்சிதம். பேரன் ஒரு பொருளிலும் பாட்டி இன்னொரு பொருளிலும் சொல்லி ஒரு காட்சியை நகைச்சுவையாக ஓட்டலாம். இதுவரை யாரும் எனக்கு அப்படி எழுதிக் கொடுக்கவில்லை.

ஊர் பார்க்காமல் எழுதுவது

மதுரை, தேனிப் பக்கம் மொக்கையன், மொக்கைச்சாமி என்று பெயர் வைத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் மொக்கை என்றால் பெரியது, பருத்தது என்றும் ஒரு பொருள் உண்டு. ‘மொக்கையா ஒரு கல்லு’ என்றால் கல் சரியில்லை என்று அர்த்தமில்லை. பெயரைக் கேட்டதும் மற்ற பாத்திரங்கள் சிரிப்பதாகக் காட்சி வைப்பவர்கள், அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்பதை யோசிப்பதே இல்லை. சென்னைப் பையன் ஊருக்குப் போய்ச் சிரித்தால் சரி. உள்ளூர்க்காரர் சிரித்தால் பொய்.

‘மொக்கு’ வேறு. மலர் மொக்கு எல்லோருக்கும் தெரியும். சில ஊர்களில் ‘நல்லா மொக்கிட்டான்’ என்றால் வயிறு முட்டச் சாப்பிட்டான். ஈழத் தமிழில் ‘மொக்கு’ என்றால் முட்டாள், ‘மொக்கன்’ என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணப் பாத்திரம் ‘மொக்கு வேலை’ என்று சொல்வதைச் சென்னைத் திருத்துநர் ‘மொக்கை வேலை’ என்று மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். தொடாமல் விடுங்கள்.

‘மொக்கை ஃபிகர்’

வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது.

ஒற்றெழுத்து

உரைநடையில் ‘மொக்கைப் படம்’ சரி. வசனத்தில் அந்த ‘ப்’ இருந்தால் நடிகர் அதை அழுத்திச் சொல்லிக் கெடுப்பார். எடுத்துவிடுங்கள்.

அடைமொழியை அள்ளிக் கொட்டுவது

செம மொக்கை, படு மொக்கை, மரண மொக்கை. இவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. ‘மரண’த்துக்கு மேலே போக இடமில்லை. முதல் காட்சியிலேயே தேநீரைப் பற்றி ‘மரண மொக்கை’ என்று ஒருவன் சொல்லிவிட்டால், பத்தாம் காட்சியில் அவன் நேர்காணல் கவிழ்ந்ததைச் சொல்ல என்ன மிச்சமிருக்கிறது? தேநீருக்கு வெறும் ‘மொக்கை’ போதும். ‘மிகவும் மொக்கையாக இருந்தது’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ‘மிகவும்’ வருகிற வாயில் ‘மொக்கை’ வராது. ஒன்று ‘மிகவும் சலிப்பாக இருந்தது’, இல்லையென்றால் ‘செம மொக்கையா இருந்துச்சு’.