செம்மண் கல்லில் சிக்கனமாகச் சுவர் எழுப்பலாம்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கையில் குறைந்த பணத்தோடு வீடு கட்டுபவர்கள் சூளைச் செங்கல் வாங்குவதற்கு முன் அழுத்திய செம்மண் கல்லை யோசித்துப் பார்க்க வேண்டும். செம்மண்ணில் எடைக்கு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது இது. சூளையும் விறகும் தேவையில்லை. கல் சரியாக வந்தால் வெளிப்பூச்சும் மிச்சம். ஆரோவில் பார்வையாளர் மையம் இந்தக் கல்லில் கட்டியதுதான். 1992-இல் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கான ஹசன் ஃபாத்தி விருதைப் பெற்றது.

முதலில் மண். மேல்மண்ணில் வேரும் மக்கிய இலையும் இருக்கும். அதைத் தனியே வழித்துத் தோட்டத்துக்கு வைத்துவிட்டு, அடியில் உள்ளதை எடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் சரளையும் மணலும், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்காகப் படியும். சரளையும் மணலும் சேர்ந்து 65, வண்டல் 15, களி 20 சதவீதம் என்ற அளவை ஒட்டி இருந்தால் போதும். களி கூடினால் ஆற்று மணலோ எம்-சாண்டோ சேருங்கள். கடல் மணல் மட்டும் வேண்டாம். உப்பு பூத்துக் கல்லின் முகம் உதிரும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கருங்களிக்கு சிமெண்ட் எடுபடாது, சுண்ணாம்புதான் பொருந்தும். அதற்குக் கணக்கே வேறு.

24 x 24 x 9 செ.மீ. கல் ஒன்று 10 கிலோவை ஒட்டி வரும். ஆகவே 50 கிலோ மூட்டை சிமெண்ட் ஒன்றில் சுமார் 100 கல். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 40 கல் பிடிக்கும். 360 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 3,000 கல், 30 மூட்டை, 30 டன் மண். கட்டுக் கலவை, பூச்சு, கான்கிரீட் கணக்கு இதில் சேராது.

மண்ணை 10 மி.மீ. சல்லடையில் சலித்து, சிமெண்டோடு காய்ந்த நிலையிலேயே ஒரே நிறமாகும் வரை புரட்டுங்கள். பிறகு பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். எல்லாம் கெடுவது இந்தத் தண்ணீரில்தான். கலவையை ஒரு கை அள்ளி உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடிப்பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதவில்லை. அந்தக் கல்லின் மூலை கைபட்டாலே உதிரும். உடையாமல் தட்டையாக அமுங்கினால் தண்ணீர் அதிகம். கல் அச்சில் ஒட்டிக்கொண்டு வரும், காயும்போது வெடிக்கும். தண்ணீர் பட்ட கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடிக்க வேண்டும், அதனால் அரை மூட்டை சிமெண்டுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். அச்சின் நாலு மூலையிலும் மண்ணை விரலால் நிரப்பிவிட்டு மூடினால் மூலை உறுதியாக வரும்.

அடுத்தது நீராற்றுவது. அவசரத்தில் நம்மாட்கள் விட்டுவிடுவது இதைத்தான். முதல் 2 நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி நிழலில் வையுங்கள். அதன்பின் அடுக்கி, 4 வாரம் சாக்கு போர்த்தி ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள். ஒருநாள் வெயிலில் காய்ந்துபோனால் அதற்குமேல் சிமெண்டைக் கூட்டியும் பயனில்லை. சில கற்களை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து ஆணியால் கீறிப் பாருங்கள். மண்ணாக வழிந்தால் அந்தத் தொகுதியைச் சுவருக்கு எடுக்காதீர்கள்.

கட்டும்போது கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து வையுங்கள். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கலவைக்கு சிமெண்ட் 1, செம்மண் 1, மணல் 6 போதும். கல்லைவிடக் கெட்டியான கலவை பூசினால் விரிசல் கல்லின் குறுக்கே ஓடும்.

தரையோடு ஒட்டி இந்தக் கல் வரக்கூடாது. கடைக்காலும் பேஸ்மெண்டும் கருங்கல்லில் கட்டி, வெள்ளம் ஏறும் தெருவானால் அந்த மட்டத்துக்கும் மேல் உயர்த்துங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது. ஆகவே பேஸ்மெண்ட், லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்), கூரை மட்டம் மூன்றிலும் வீட்டைச் சுற்றி கம்பி போட்ட கான்கிரீட் பீம் வேண்டும். செலவைக் குறைக்க இதில் கை வைக்காதீர்கள். கூரையை 2 அடி வெளியே நீட்டி, ஓடோ தகடோ போட்டால் அதைக் கடைசி பீமின் கம்பியோடு இறுக்கிக் கட்டுங்கள்.