முதல்முறை நீங்களே கார் ஆயில் மாற்றுகிறீர்களா? சொதப்பும் இடங்கள் இவைதான்

கார் எஞ்சின் ஆயில் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழையதை வடிக்க வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும், புதியதை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் முதல்முறை செய்பவர்களுக்குப் பயம் தப்பான இடத்தில் வருகிறது. ஒழுகிவிடுமோ என்று பயந்து, ஆயில் வடிக்கும் போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்குவார்கள். போதாமல் போய்விடுமோ என்று பயந்து ஆயிலைக் கூடுதலாக ஊற்றுவார்கள். ஆனால் ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் கொஞ்சமும் பயமில்லாமல் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

அங்கிருந்தே ஆரம்பிப்போம். டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, பஞ்சரான டயரைக் கழற்றி மாட்டுவதற்காகக் கொடுத்தது. அது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. தரை லேசாகச் சாய்ந்திருந்தாலே நழுவும். அடியில் போக வேண்டுமென்றால் கெட்டியான சமதளம் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கார் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில், வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் தள்ளி அசைத்துப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பது ஸ்டாண்டுக்கு ஈடாகாது. நொறுங்கும்போது அது முன்கூட்டியே சொல்லிவிட்டு நொறுங்காது. இந்த ஏற்பாடு செய்ய முடியாதென்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இதில் ரோஷம் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்து, வாங்குவதில் வரும் தவறு. '5டபிள்யூ-30' என்று டப்பாவில் இருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது எஞ்சின் சூடான பிறகு அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 'கெட்டி ஆயில் போட்டால் எஞ்சினுக்கு நல்லது' என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். 0டபிள்யூ-20க்காக வடிவமைத்த எஞ்சினில் ஆயில் போகும் இடைவெளிகள் அதற்கேற்பத்தான் இருக்கும். கையேடு சொல்வதைப் போடுங்கள். டீசல் வண்டியில் புகைவடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும். கையேட்டில் ஏபிஐ, ஏசிஇஏ என்று குறித்திருக்கும் தரக் குறியீடு டப்பாவிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபில்டரும் சரியானதுதானா என்பதை ஆயிலை வடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு பொருந்தவில்லையென்றால், மாற்றி வாங்கிவரக் கடைக்குப் போக வண்டி இருக்காது!

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது. நீண்ட பயணம் போய்வந்த கையோடு திறந்தால் ஆயில் கையைப் பொசுக்கிவிடும், பக்கத்தில் இருக்கும் சைலன்சர் குழாயும் சும்மா விடாது.

இனி அடியில் படுத்தபிறகு நடக்கும் கூத்து. சில கார்களில் எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்டும் கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்கும் போல்ட்டும் அருகருகே இருக்கும். கியர்பாக்ஸைக் காலி செய்துவிட்டு, எஞ்சினுக்குள் புதிதாக நாலு லிட்டர் ஊற்றுபவர்கள் உண்டு. அப்படியென்றால் எஞ்சினில் இரண்டு பங்கு ஆயில், கியர்பாக்ஸில் ஒன்றுமில்லை. வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் இரண்டுமே கெடலாம். எது எது என்று படத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் ஸ்பேனரை வைக்காதீர்கள்.

போல்ட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்த்திருக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். மல்லாந்து படுத்திருக்கும்போது இது குழப்பும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். கடைசிச் சுற்றுகளில் போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே விரலால் சுற்றி, கழன்றதும் சட்டென்று இழுக்க வேண்டும். ஆயில் நேராக விழாது. முதலில் வேகமாகச் சாய்வாகப் பீறிட்டு, வேகம் குறையக் குறைய உள்பக்கமாக நகர்ந்து வந்து, கடைசியில் நூல் மாதிரி இறங்கும். தட்டு அகலமாக இருந்தால் தப்பித்தோம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆயில் தோலில் ஊறக்கூடாது.

திரும்ப மாட்டும்போதுதான் பணத்துக்கு வேட்டு. பல கார்களில் ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அலுமினியம், போல்ட் இரும்பு. ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்கினால், மரை கழன்றுவிடும் (நமக்கல்ல, சம்புக்கு). ஒழுகாமல் காப்பது முரட்டு பலம் இல்லை, வாஷர்தான். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கிப் படிந்துவிட்டது, அதனால் புதியது போடுங்கள். முதல் மூன்று நாலு சுற்று வெறும் விரலால் போக வேண்டும். போகவில்லையென்றால் போல்ட் கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இறுக்க வேண்டிய அளவு கையேட்டில் நியூட்டன் மீட்டரில் இருக்கும். பெரும்பாலும் 25 முதல் 40க்குள் வரும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஃபில்டரில் நான் சொதப்பியதைச் சொல்கிறேன். பழையதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், எஞ்சினைக் கிளப்பினேன். சில விநாடிகளில் வண்டிக்கு அடியில் கறுப்புக் குளம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் மேலேயே புதிய வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறேன். இரண்டு ரப்பர் சேர்ந்தால் அழுத்தம் தாங்காது, பிதுங்கிவிடும். கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். எஞ்சின் பக்கத்தையும் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் கொஞ்சம் ஆயில் பூசி, அது தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்.

வண்டியைச் சமதளத்தில் இறக்கிவிட்டு ஊற்றும்போது, 'ஃபில்டருடன் சேர்த்து' என்று கையேடு சொல்லும் அளவில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே ஊற்றி நிறுத்துங்கள். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கலாம். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் வித்தியாசம். மிகவும் கூடிப்போனால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் பாதி காற்றுதானே, பேரிங்குகளுக்கு எண்ணெய்ப் பசை போதாது.

மூடியைப் போட்டு (மறப்பவர்கள் உண்டு), வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தியோ, புகை வெளியே போக ஷெட் கதவை முழுக்கத் திறந்துவைத்தோ எஞ்சினைக் கிளப்புங்கள். ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்தால் ஒரு நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக். புதிய ஃபில்டர் கொஞ்சம் குடித்திருக்கும் என்பதால் அளவு இறங்கியிருக்கும். டீசல் வண்டியென்றால் சீக்கிரமே ஆயில் கறுத்துவிடும், பதற வேண்டாம்.

பழைய ஆயிலைக் காலி டப்பாக்களில் ஊற்றி, பயன்படுத்திய ஆயிலை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள், சாக்கடையில் விடக்கூடாது. ஓடிய கிலோமீட்டரை எழுதி வையுங்கள், சர்வீஸ் நினைவூட்டலை ரீசெட் செய்யுங்கள். அப்புறம் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய் அதைத்தான் பார்ப்பீர்கள்.