பழைய பிக்கப்பில் முன்பக்கத்தை மாற்றியபின் ஸ்டியரிங்கைச் சேர்ப்பது

என் வண்டி 1955 ஃபோர்டு எஃப்-100. வந்தபோது முன்பக்கம் ஒற்றை இரும்பு அச்சும் பட்டை ஸ்பிரிங்குமாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, 1970களில் வந்த ஃபோர்டு மஸ்டாங் டூ காரின் வகையிலான கிராஸ் மெம்பரையும் (குறுக்குச் சட்டம்), சக்கரத்தைத் தாங்கும் மேல் கீழ் ஆர்ம்களையும், ராக் ஸ்டியரிங்கையும் (திருப்பினால் இடவலமாக நகரும் பற்கம்பி) வைத்தேன். எல்லாம் பொருந்தியது. ஸ்டியரிங் வீலைத் திருப்பினால் இரண்டு சக்கரமும் அழகாகத் திரும்பின. வேலை முடிந்தது என்று நம்பி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். இடது சக்கரம் மட்டும் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. நான் வீலை அசைக்கவே இல்லை. வண்டி தானாக இடப்பக்கம் இழுத்தது. இன்னொரு மேடு, இன்னொரு இழுப்பு. பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினேன்.

சக்கரம் திரும்புகிறது என்பதால் மட்டும் ஸ்டியரிங் சரியாகிவிடாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது திரும்பாமல் இருக்கவேண்டும். முன்பக்கம் மாற்றுகிற பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். நானும் தவறவிட்டேன். அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியை அதன் உண்மையான உயரத்தில் நிறுத்துங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் இடத்தில் இருக்கவேண்டும். எடை இன்னும் முழுதாக ஏறவில்லை என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றி, அதன் இடத்தில் அளந்து வெட்டிய இரும்புக் கம்பியைப் போட்டு உயரத்தைப் பிடித்துவைக்கலாம். மஸ்டாங் டூ அமைப்பில் கீழ் ஆர்ம் ஏறக்குறைய தரைக்கு இணையாக நிற்கும் உயரமே ஓட்டும் உயரம். ரசமட்டத்தை ஆர்மின் மேலேயே வைக்காதீர்கள், அதன் வடிவம் ஏமாற்றும். உள் போல்ட்டின் மையத்தையும் பால் ஜாயின்ட்டின் மையத்தையும் தரையிலிருந்து அளந்து ஒப்பிடுங்கள். கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) இரண்டையும் உத்தேசமாகவாவது இப்போதே வைத்துவிடுங்கள். கேஸ்டரைப் பிறகு மாற்றினால் ஸ்டியரிங் ஆர்மின் (சக்கரத்தைத் திருப்பும் கை) நுனி ஏறும் அல்லது இறங்கும், அளந்ததெல்லாம் வீணாகும்.

ராக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். மஸ்டாங் டூவில் முன்னால். இடம் போதவில்லை என்று சிலர் நக்கிளை (ஹப்பும் ஸ்டியரிங் ஆர்மும் உள்ள துண்டு) இடம் வலம் மாற்றிப் போட்டு ராக்கை அச்சுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். அப்படிச் செய்தால் வீலை வலப்பக்கம் திருப்பும்போது சக்கரம் இடப்பக்கம் போகும். அதைச் சரிசெய்ய ராக்கைத் தலைகீழாகப் போட்டாலும் ஆக்கர்மன் கெட்டுவிடும். ஆக்கர்மன் என்பது இதுதான்: வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பவேண்டும். அதற்காகத்தான் ஸ்டியரிங் ஆர்ம்கள் சாய்வாக அமைக்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் திரும்பும் அச்சின் மையத்தையும் டை ராட் (ராக்கையும் ஸ்டியரிங் ஆர்மையும் இணைக்கும் கம்பி) மாட்டும் துளையையும் சேர்த்துக் கோடு இழுத்தால் இரண்டு கோடும் பின் அச்சின் நடுப்பக்கம் போய்ச் சேரவேண்டும். மஸ்டாங் டூவின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 96.2 அங்குலம், எஃப்-100க்கு 110. அதனால் கோடுகள் பின் அச்சுக்குச் சற்று முன்னாலேயே சந்திக்கும். அந்தச் சிறு வித்தியாசம் ஓட்டும்போது தொல்லை தருவதில்லை. ஆர்மைச் சூடாக்கி வளைத்து அதைத் திருத்தப் போகாதீர்கள். இரும்பின் பதம் போய்விடும். உடைந்தால் பிடிக்க எதுவும் இருக்காது.

இனி இழுப்புக்கு வருகிறேன். டை ராட் உள்முனையில் ஒரு மூட்டில் ஆடுகிறது, கீழ் ஆர்ம் இன்னொரு மூட்டில் ஆடுகிறது. இரண்டும் வரையும் வளைவுகள் ஒத்துப்போனால் சக்கரம் நேராகவே ஏறி இறங்கும். ஒத்துப்போகாவிட்டால் டை ராட் சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். முன்னாலிருந்து பார்க்கும்போது மேல் ஆர்மின் உள் போல்ட்டையும் கீழ் ஆர்மின் உள் போல்ட்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். டை ராட்டின் உள் மூட்டு அந்தக் கோட்டின் மேல் அல்லது அதற்கு மிக அருகே இருக்கவேண்டும். டை ராட்டின் சாய்வும் ஆர்ம்களோடு ஒத்துப்போகவேண்டும். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், டை ராட் மூன்றையும் உள்பக்கமாக நீட்டினால் ஒரே புள்ளியில் சந்திக்கவேண்டும்.

என் வண்டியில் கோளாறு இதில்தான். பிக்கப்பின் சட்டம் (சேஸிஸ்) அகலம் என்பதால் கிராஸ் மெம்பரை மூன்று அங்குலம் அகலப்படுத்தியிருந்தேன், பக்கத்துக்கு ஒன்றரை. ஆர்ம்களின் போல்ட் வெளியே நகர்ந்தது, ராக் பழைய நீளத்திலேயே இருந்தது. எட்டாத தூரத்தை வெளிப்பக்க டை ராட் எண்டில் நீட்டிச் சமாளித்தேன். டை ராட் தேவைக்கு மேல் ஒன்றரை அங்குலம் நீளமாகிவிட்டது.

அளக்கும் முறை இது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றுங்கள். ராக்கை நடுவில் நிறுத்தி, வீல் அசையாதபடி கட்டுங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஹப்பில் இரண்டடி நீளமுள்ள தட்டையான தகடு ஒன்றைப் படுக்கையாக போல்ட் செய்யுங்கள். தகட்டின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒவ்வொரு டயல் கேஜ் தொடும்படி கனமான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஓட்டும் உயரத்தில் இரண்டையும் பூஜ்யம் ஆக்குங்கள். அப்புறம் கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்து அரை அங்குலம் அரை அங்குலமாக இரண்டு அங்குலம் வரை ஏற்றுங்கள். பிறகு அதே மாதிரி இரண்டு அங்குலம் இறக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேஜையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சக்கரம் திரும்பிய அளவு. கேஜ் இரண்டும் ஒரே அளவு நகர்ந்தால் அது கேம்பரால் வருவது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எனக்கு இரண்டு அங்குலம் ஏற்றியபோது முன்முனை முக்கால் நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வெளியே விரிந்தது. இறக்கியபோதும் விரிந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் விடை அதிலேயே இருந்தது. ராக் அச்சுக்கு முன்னால் உள்ள வண்டியில், ஏற்றும்போதும் இறக்கும்போதும் விரிந்தால் டை ராட் நீளம் அதிகம். இரண்டிலும் குவிந்தால் நீளம் குறைவு. ஏற்றும்போது விரிந்து இறக்கும்போது குவிந்தால் நீளத்தில் பிழையில்லை, உயரத்தில் பிழை: உள்முனை மேலே இருக்கிறது, ராக்கை இறக்கவேண்டும், அல்லது வெளிமுனையை உயர்த்தவேண்டும். ஏற்றும்போது குவிந்து இறக்கும்போது விரிந்தால் இதற்கு நேர் எதிர். ராக் அச்சுக்குப் பின்னால் இருந்தால் இவை எல்லாமே தலைகீழ்.

தீர்வு எளிதாகவே இருந்தது. ராக்கின் முனைக்கும் உள் டை ராட்டுக்கும் இடையில் திருகிப் போடும் நீட்டிப்புத் துண்டு கிடைக்கிறது. ஒன்றரை அங்குலத் துண்டை இரண்டு பக்கமும் போட்டேன். உள் மூட்டு ஆர்ம் போல்ட்டுக்கு நேராக வந்தது, வெளிப்பக்கம் நீட்டியிருந்ததை எடுத்துவிட்டேன். மறுபடி அளந்தபோது இரண்டு அங்குலத்துக்குக் கால் நூலைக்கூடத் தொடவில்லை. அதற்குமேல் துல்லியம் தேடி நாளைச் செலவழிக்கத் தேவையில்லை. ராக்கின் பிராக்கெட்டை இந்த அளவு வரும்வரை புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள். முழு வெல்டு கடைசியில்தான்.

டை ராட் எண்ட் வேறு வண்டியுடையது என்றால் கூம்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். டை ராட்களில் அதிகம் காண்பது அடிக்கு 1.5 அங்குலம் குறுகும் கூம்பு. அடிக்கு 2 அங்குலம் குறுகுவதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கூம்பில் மார்க்கர் பேனாவால் நெட்டுக்கோடுகள் போட்டுத் துளையில் வைத்து லேசாகத் திருப்புங்கள். கோடு மேலிருந்து கீழ்வரை சீராக அழிந்தால் பொருத்தம். ஒரு முனையில் மட்டும் அழிந்தால் அந்தத் துண்டு வேண்டாம். நட்டை இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கவேண்டும்; தளர்த்தி நேராக்கக் கூடாது. டை ராட் திருகு ஸ்லீவுக்குள் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது போயிருக்கவேண்டும்.

அடுத்தது வீலிலிருந்து ராக் வரை வரும் ஷாஃப்ட். பழைய எஃப்-100இல் ஸ்டியரிங் காலம் (வீலைத் தாங்கும் தண்டு) ஒரே நீளக் கம்பியாக நேரே ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இறங்குகிறது. மோதலில் அது ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கி வரும் ஈட்டி. மோதினால் மடங்கும் காலங்களை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில் கொண்டுவந்தது. 1968இலிருந்து அமெரிக்காவில் கார்களுக்கு அதற்கான பாதுகாப்பு விதியே வந்தது. எனவே முடிந்தால் மடங்கும் காலத்தையே போடுங்கள். பழைய ஸ்டியரிங் காலத்தையே வெட்டி வைத்துக்கொள்வது என்றால், பாக்ஸ் போனதோடு ஷாஃப்டின் அடிமுனைக்கு இருந்த பிடிப்பும் போய்விட்டது. கீழே ஒரு பேரிங் போட்டு, ஷாஃப்ட் மேலும் கீழும் நழுவாமல் காலர் வைத்துப் பிடிக்கவேண்டும்.

வழி தேட முக்கால் அங்குல மரக்கம்பி ஒன்றைப் பயன்படுத்தினேன். கிராஸ் ஜாயின்ட்களை (ஷாஃப்ட் கோணத்தில் திரும்பிச் செல்ல உதவும் மூட்டுகள்) விரலால் மட்டும் இறுக்கி, கம்பியை வெட்டி வெட்டி ஒத்துப் பார்த்தேன். மேனிஃபோல்டைத் தாண்ட இரண்டு ஜாயின்ட் போதவில்லை, மூன்று தேவைப்பட்டது. ஒரு ஜாயின்ட்டின் கோணம் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். 35ஐத் தாண்டவே கூடாது. 30 டிகிரியில் ஒற்றை ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கையில் அது கனமும் லேசுமாக மாறி மாறித் தெரியும். இரண்டு ஜாயின்ட்டுக்கு நடுவிலுள்ள ஷாஃப்டில் இருபுறக் கவைகளும் ஒரே நேரில் நின்று, இரண்டு கோணமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது அழித்துவிடும். மூன்று ஜாயின்ட் போட்டால் நடு ஷாஃப்ட் ஒன்றைச் சட்டத்தில் பொருத்திய ராட் எண்ட் பேரிங் தாங்கவேண்டும். தாங்கல் இல்லாவிட்டால் ஷாஃப்ட் சுழல்வதற்குப் பதில் பக்கவாட்டில் துள்ளும்.

மேனிஃபோல்டுக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி போதாதா என்று கேட்பீர்கள். நின்ற வண்டியில் போதும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வி8 எஞ்சினின் இடப்பக்கம் மவுண்டின் மேல் எழும்பும், ரிவர்ஸில் அமுங்கும். ஸ்டியரிங்கும் அதே இடப்பக்கம்தான். எஞ்சினைக் கடப்பாரையால் இரண்டு திசையிலும் நெம்பிப் பார்த்து, அப்போதும் அரை அங்குலம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

வழி முடிவானதும் மரக்கம்பியின் அளவில் இருபக்கம் தட்டையான டபுள் டி ஷாஃப்டை வெட்டுங்கள். முனை ஜாயின்ட்டின் உள்ளே நடுச்சிலுவையைத் தொடக்கூடாது. செட் ஸ்குரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் சிறு குழி போட்டு, லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) தடவி இறுக்கி, மேலே லாக் நட் போடுங்கள். குழியில்லாமல் இறுக்கிய ஸ்குரூ வழவழப்பான இரும்பை வெறுமனே அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இனி நடு பிடிப்பது. முழு இடப்பக்கத்திலிருந்து முழு வலப்பக்கம் வரை வீல் எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அதுதான் ராக்கின் நடு. வீல் கோணலாக இருந்தால் இப்போதே கழற்றி நேராகப் போடுங்கள். அதன்பின் டோவை (இரு சக்கரங்களின் முன்பக்கம் குவிந்தோ விரிந்தோ நிற்கும் அளவு) இரண்டு டை ராட்டையும் சம அளவு திருகி வையுங்கள். அரை நூல் முதல் ஒரு நூல் வரை குவிந்திருந்தால் சரி. முழுத் திருப்பத்தில் சக்கரத்தை ஏற்றி இறக்கி, டயர் எங்கும் உரசவில்லை, ராக்கின் ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளவில்லை என்று பாருங்கள்.

ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பக்கத்து இரும்புக்கு மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு, வண்டியின் அடியில் படுத்து விளக்கடித்து ஒவ்வொரு கோட்டையும் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. வெறுமனே இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். கழற்றி, ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடித்தபின் மாட்டுங்கள்.