மயில்துத்தமும் பச்சை இலையும்: வட இத்தாலியக் குடும்ப ஒயினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலிய ஒயின் புட்டியில் 'பியோலோஜிகோ' என்ற சொல்லைப் பார்த்ததும் மனத்துக்குள் 'இயற்கை' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அரசு ஆவணங்கள் 'அங்கக' என்றும் 'உயிர்ம' என்றும் எழுதினாலும் நம் நாவில் நிற்பது 'இயற்கை வேளாண்மை'தான். ஒயின் உலகில், முடிந்தவரை எதையும் சேர்க்காமல் செய்யும் 'நேச்சுரல் ஒயின்' என்று வேறொன்று இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்து விழுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. 'பியோலோஜிகோ' சட்டச் சொல். அதற்குப் பின்னால் ஐரோப்பிய ஒன்றிய விதிகளும், சான்றளிக்கும் அமைப்பும், தோட்டத்துக்கே வந்து பார்க்கும் ஆய்வாளரும் உண்டு. 'நேச்சுரல்' என்பதற்கு ஒன்றிய அளவில் சட்ட வரையறை கிடையாது. அது தயாரிப்பவரின் கொள்கை. முன்னதை வாங்கிவிட்டுப் பின்னதன் குணங்களைத் தேடினால் ஏமாற்றம்தான்.

2012-க்கு முன்பு ஐரோப்பாவில் 'இயற்கை வேளாண் ஒயின்' என்று புட்டியில் போடவே முடியாது. 'இயற்கை வேளாண் திராட்சையிலிருந்து எடுத்த ஒயின்' என்று சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டும். கொடிக்கு விதி இருந்தது, நிலவறைக்கு இல்லை. அந்த ஆண்டு அறுவடை முதல்தான் நிலவறைக்கும் விதி வந்தது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகத்தை, அதாவது சல்பைட்டை, அந்த விதியும் முழுவதுமாகத் தடுக்கவில்லை, அளவைத்தான் குறைத்தது. இனிப்பு எஞ்சாத சிவப்பு ஒயினில் வழக்கமான உச்ச வரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம். ஒன்றியத்தின் இயற்கை வேளாண் சின்னமான பச்சை இலை முத்திரை உள்ளதில் 100. வெள்ளை ஒயினில் 200-க்குப் பதில் 150. ஆகவே பின்பக்கச் சீட்டில் 'சல்பைட் உள்ளது' என்ற வரியைப் பார்த்துவிட்டு 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று கொதிக்க வேண்டாம். நொதிக்கும்போது ஈஸ்டே கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அந்த வரியைப் போட்டாக வேண்டும். அமெரிக்காவின் சட்டம் வேறு. அங்கே 'ஆர்கானிக் ஒயின்' என்று விற்க வேண்டுமானால் சல்பைட் சேர்க்கவே கூடாது. அமெரிக்க நண்பர் சொன்னதை இத்தாலியப் புட்டிக்குப் பொருத்தினால் கணக்கு தப்பும்.

தலைவலி வராது, உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்குவதும் இதே வகைதான். வட இத்தாலியச் சிவப்பு ஒயினான பரோலோவின் புட்டியில் பெரும்பாலும் 14 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். திராட்சை எப்படி வளர்ந்தது என்று ஆல்கஹால் விசாரித்துவிட்டு உடம்புக்குள் போவதில்லை.

அடுத்தது, 'மருந்தே அடிக்காத தோட்டம்' என்ற கற்பனை. இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர் விவசாயி இதைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். ஐரோப்பியக் கொடிக்குப் பெரிய எதிரிகள் இரண்டு: அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும். இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஐரோப்பியக் கொடிக்கு அவற்றைத் தாங்கும் பழக்கம் இல்லை. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள். அடிச்சாம்பலுக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவை, அல்லது வேறு வடிவில் தாமிரம். இயற்கை வேளாண் விதியும் இவற்றை அனுமதிக்கிறது. தாமிரம் செடிக்குள் ஊடுருவாது, இலையின் மேல் ஒரு பூச்சாக நிற்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடியும் தெளிக்க வேண்டும். மழை மிகுந்த ஆண்டில் இயற்கை வேளாண் தோட்டத்துக்காரர் பக்கத்துத் தோட்டக்காரரைவிட அதிக முறை டிராக்டரை எடுப்பதும் உண்டு.

தாமிரம் மண்ணில் கரைந்து மறைவதில்லை. தங்கித் தேங்கி, மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு செய்யும். அதனால்தான் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ தாமிரம் என்று 2019 முதல் ஒன்றியம் கட்டுப்படுத்தியிருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. தோட்டத்துக்குப் போனால் 'மருந்து அடிப்பீர்களா?' என்று கேட்காதீர்கள். 'போன ஆண்டு எவ்வளவு தாமிரம் போட்டீர்கள்?' என்று கேளுங்கள். அக்கறையுள்ள விவசாயி இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து பேசத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்றையும் கேட்கலாம். வட இத்தாலியின் பியெமோந்தே, வெனெத்தோ பகுதிகளில் 'ஃப்ளாவெசென்சா தொராதா' என்றொரு நோய் இருக்கிறது. ஒரு தத்துப்பூச்சி இதைக் கொடிக்குக் கொடி பரப்புகிறது. வந்த கொடிக்கு மருந்தில்லை, வேரோடு பிடுங்க வேண்டியதுதான். நோய் பரவிய இடங்களில் பூச்சிமருந்து தெளிப்பது சட்டக் கட்டாயம், இயற்கை வேளாண் தோட்டங்களுக்கும் விலக்கு இல்லை. அவர்கள் சாமந்திக் குடும்பப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரத்தைத் தெளிக்கிறார்கள். அது வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்தபின் வேலை நடக்கும்.

இனி புட்டியின் மேலுள்ள சொற்கள். குடும்பப் பெயரும் பழைய பண்ணை வீட்டின் படமும் இருந்துவிட்டால் குடும்பத் தோட்டம் ஆகிவிடாது. 'அட்சியெண்டா அக்ரிகோலா' என்று இருந்தால் சொந்தப் பொறுப்பில் விளைவித்த திராட்சை என்று பொருள். அந்தச் சொல் இல்லையென்றால் திராட்சையையோ ஒயினையோ வெளியிலிருந்து வாங்கியிருக்கக்கூடும். அதற்காகக் கூட்டுறவு என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பதும் தவறுதான். 1958-இல் ஒரு பங்குத் தந்தை சிறு விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ' கூட்டுறவின் ஒயினுக்கு உலகம் முழுவதும் மதிப்பு இருக்கிறது. அதுவும் பல குடும்பங்களின் உழைப்புதானே. பச்சை இலை இல்லாத புட்டியையும் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். இயற்கை வேளாண்மைக்கு மாறும் காலம் 3 ஆண்டுகள். அந்த மூன்றாண்டிலும் உழைப்பு முழு உழைப்பு, முத்திரை மட்டும் கிடைக்காது. சான்றிதழுக்கான செலவும் எழுத்து வேலையும் வேண்டாம் என்று கடைசிவரை முத்திரை வாங்காத குடும்பங்களும் உண்டு.

பெயரை வைத்துச் சுவையை ஊகிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 'தொல்செத்தோ' என்றொரு சிவப்பு ஒயின், இத்தாலிய மொழியில் அதற்குப் பொருள் 'சின்ன இனிப்பு'. ஒயினில் இனிப்பு இருக்காது. நுரைக்கும் ஒயினான ப்ரொசெக்கோவில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பது 'ப்ரூட்' என்பதைவிட இனிப்பானது. ஏன் இப்படி என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்வது அதைவிடப் பெரிய பிழை. பரோலோவும் பார்பரெஸ்கோவும் முழுக்க நெப்பியோலோ திராட்சையில் ஆனவை. அதன் ஒயின் வெளிறிய சிவப்பு, சில ஆண்டுகள் போனால் செங்கல் நிறத்துக்கு நகரும். 'தண்ணீர் கலந்திருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தால் ஈறு வரை துவர்த்துப் பிடிக்கும். வெள்ளைக்காரர்கள் 'டானின்' என்று விளக்கத் திணறுவதை அறுசுவைக் கணக்கில் நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பரோலோவைச் சட்டப்படி 38 மாதம் வைத்திருந்தபின்தான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அதற்குப் பிறகும் துவர்ப்பு அடங்கச் சில ஆண்டுகள் ஆகும். இன்று வாங்கி இன்றே குடிக்க வேண்டுமென்றால் பார்பேரா என்ற சிவப்பு ஒயினை எடுங்கள். புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு அடக்கமாகவும் இருக்கும், சோற்றோடும் சண்டை போடாது.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்ற அறிவுரை குளிர்நாட்டுக் கல்வீடுகளுக்கானது. அது 16 முதல் 18 டிகிரி. சென்னையின் 32 டிகிரி அறையில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் வாசனை மட்டும்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது பாவமில்லை.

புட்டியின் அடியில் மண்டி தங்கியிருந்தாலோ, தக்கையில் கண்ணாடித் தூள் போலப் படிகங்கள் ஒட்டியிருந்தாலோ பதறிக் கொட்டிவிடாதீர்கள். சிறு நிலவறைகளில் அதிகம் வடிகட்ட மாட்டார்கள். அந்தப் படிகம் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளியைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான்.

நேரில் போய் வாங்குவோர் செய்யும் தவறு ஒன்றை நானும் செய்திருக்கிறேன். ஓர் அக்டோபர் காலையில், முன்கூட்டிச் சொல்லாமல், பரோலோ விளையும் லாங்கே குன்றுகளில் ஒரு பண்ணை வீட்டின் முன் போய் நின்றேன். நெப்பியோலோ அறுவடை உச்சத்தில் இருந்தது. முற்றத்தில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த பாட்டி, மலைச்சரிவைக் கையால் காட்டிவிட்டு மறுபடி கூடைக்குத் திரும்பிவிட்டார். பேரன், மகன், மருமகள் எல்லோரும் கொடிகளுக்கு நடுவே. வரவேற்பாளர் என்று தனியாக ஆள் வைக்க இவர்கள் பெரிய நிறுவனம் இல்லை. நான் மூடிய கதவைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன். மின்னஞ்சல் எழுதி, நவம்பரிலோ வசந்தத்திலோ போங்கள். போனால் சில புட்டிகளாவது வாங்குங்கள். இரண்டு மணி நேரம் ஒரு குடும்பத்தின் வேலையை நிறுத்திவிட்டு வெறுங்கையோடு கிளம்புவது நன்றாக இருக்காது.

போன ஆண்டு குடித்த அதே சுவை இந்த ஆண்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் குடும்பத் தோட்டம் சரிப்படாது. பெரிய ஆலை பல ஊர்த் திராட்சையைக் கலந்து சுவையைச் சமன்செய்துவிடும். 7, 8 ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. 2002-இல் மழையும் ஆலங்கட்டியும் லாங்கேயை அடித்துப் போட்டன. பல தோட்டங்கள் அந்த ஆண்டு பரோலோவே போடவில்லை. 2022-இல் வறட்சி. மோசமான ஆண்டில் நேர்மையான குடும்பம் பரோலோ நிலத்துத் திராட்சையையே ஒரு படி இறக்கி, 'லாங்கே நெப்பியோலோ' என்று பாதி விலைக்குக்கூட விற்றுவிடும். அந்தப் புட்டியை மலிவு என்பதற்காகத் தாண்டிப் போவதுதான் கடையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.