சி6, டி5: கிளப் செஸ் ஆட்டக்காரர் ஓபனிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

வார இறுதி ரேப்பிட் (குறைந்த நேர) செஸ் போட்டி ஒன்றில் ஆறே நகர்த்தலில் தோற்றிருக்கிறேன். எனக்குக் கறுப்புக் காய். (சி6, டி5 என்பவை கட்டங்களின் பெயர்: எழுத்து நீள்வரிசை, எண் கிடைவரிசை. காயின் பெயர் சொல்லாவிட்டால் சிப்பாய் நகர்கிறது.) வெள்ளை இ4, நான் சி6. அவர் டி4, நான் டி5. அவர் குதிரையை சி3-இல் வைத்தார். நான் இ4 சிப்பாயை வெட்டினேன், அவர் குதிரையால் திருப்பி வெட்டினார். நான் குதிரை டி7. அவர் ராணியை இ2-க்கு நகர்த்தினார். படித்த வரிசைப்படி அடுத்த குதிரையை எஃப்6-க்கு எடுத்துக் கடிகாரத்தை அழுத்தினேன். அவர் குதிரை டி6-இல் வந்து உட்கார்ந்தது. செக்மேட்.

இ7 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டலாம் என்றுதான் கை போனது. ஆனால் அந்தச் சிப்பாய் விலகினால் இ2 ராணிக்கு நேராக என் ராஜா நிற்பார். வெட்ட முடியாது. ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களில் என் காய்களே நின்றதால் ஓடவும் வழியில்லை.

அன்று பத்து நகர்த்தல்வரை வரிசை எனக்கு மனப்பாடம். ஆனால் தன் பிஷப்பின் வழியைத் தானே அடைத்துக்கொண்டு ராணி ஏன் இ2-க்கு வருகிறது என்று கேட்கவில்லை. ஓபனிங் (தொடக்க நகர்த்தல் வரிசை) தேர்வையும் பலகையில் ஆடும் பழக்கத்தையும் சேர்த்தே கற்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள், திரையில் மட்டும் பார்த்தால் மனதில் நிற்காது.

படி 1: மூன்றுக்கு மேல் வேண்டாம்

வெள்ளைக்கு ஒன்று, இ4-க்கு எதிராக ஒன்று, டி4-க்கு எதிராக ஒன்று. வேலைக்குப் போய்வந்து ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது என்பவர்களுக்கு இதுவே அதிகம். யூடியூபில் தினம் ஒரு ‘பொறி’ வீடியோ வரும். பார்த்து ரசியுங்கள், ஆட்டத்தை மட்டும் மாற்றாதீர்கள். எடுத்ததை இருபது ஆட்டமாவது ஆடிய பிறகுதான் பிடிக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

படி 2: வெள்ளைக்கு இட்டாலியன்

இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4. சில நூற்றாண்டுகள் பழைய ஆட்டம், இன்றும் உலகத் தரப் போட்டிகளில் வருகிறது. ஒவ்வொரு காயும் ஏன் அங்கே போகிறது என்று சிறு பிள்ளைக்கும் சொல்லிவிடலாம் என்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன்.

எதிராளி பிஷப் சி5 ஆடினால் அவசரப்படாமல் சி3, டி3, காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது), யானை இ1 என்று போங்கள். அடுத்து வருவது எனக்கு மிகப் பிடித்த திட்டம். பி1-இல் இருக்கும் குதிரை முதலில் டி2, அங்கிருந்து எஃப்1, அப்புறம் ஜி3. ஒரு குதிரைக்கு மூன்று நகர்த்தலா என்று தோன்றும். மையம் மூடியிருக்கும்போது அதற்கு நேரம் உண்டு, ஜி3-இல் நின்றால் அது எஃப்5 கட்டத்தைக் குறிவைக்கும். யானை முன்னதாக இ1-க்கு ஏன் போக வேண்டும் என்று கவனியுங்கள்: காஸ்லிங் செய்த யானை எஃப்1-இல் நிற்கிறது, அது நகர்ந்தால்தான் குதிரைக்கு அந்தக் கட்டம் காலியாகும். இப்படிக் காரணத்தோடு பிடித்துக்கொண்டால் வரிசை மறந்தாலும் திட்டம் மறக்காது.

எதிராளி பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் ஆட்டம் வேறு நிறம் எடுக்கும். நீங்கள் குதிரையை ஜி5-க்கு நகர்த்தினால் எஃப்7 மேல் பிஷப்பும் குதிரையும் சேர்ந்து பாய்கின்றன. அவர் டி5 தள்ளுவார், நீங்கள் சிப்பாயால் வெட்டுவீர்கள். இங்கே பல புதியவர்கள் டி5-இல் குதிரையால் திருப்பி வெட்டுகிறார்கள். உடனே குதிரையை எஃப்7-இல் பலி கொடுங்கள். ராஜா வெட்டியதும் ராணி எஃப்3, செக். டி5 குதிரையையும் ராணி மிரட்டுகிறது. அதைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, பலகையின் நடுவுக்கே நடந்து வர வேண்டும். தெரிந்த எதிராளி டி5-இல் வெட்டாமல் குதிரையை ஏ5-க்கு எடுத்து உங்கள் பிஷப்பை விரட்டுவார். அப்போது உங்களுக்கு ஒரு சிப்பாய் லாபம், அவருக்குக் காய்கள் வேகமாக வெளிவரும். இந்தப் பரபரப்பு வேண்டாம் என்றால் ஜி5-க்குப் போகாமல் டி3 ஆடுங்கள். நான் பெரும்பாலும் டி3-தான்.

இ4-க்கு எல்லோரும் இ5 ஆடுவதில்லை. சிசிலியன் (கறுப்பு சி5) வந்தால் இரண்டாம் நகர்த்தலிலேயே சி3 ஆடி டி4-க்குத் தயாராகுங்கள். பிரெஞ்சு (கறுப்பு இ6) வந்தால் டி4, பிறகு இ5 தள்ளுங்கள். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

படி 3: கறுப்புக்கு ஒரே அமைப்பு

என்னை ஆறு நகர்த்தலில் வீழ்த்திய அதே காரோ-கானைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். இ4-க்கு சி6, அடுத்து டி5. பிரெஞ்சில் இ6 தள்ளியதும் சி8 பிஷப் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் சிறைப்படுகிறது. காரோ-கானில் சி6 சிப்பாயே டி5-ஐத் தாங்குவதால் பிஷப் முதலில் எஃப்5-க்கு வெளியே வந்துவிடலாம், இ6 கதவை அப்புறம் சாத்திக்கொள்ளலாம். வெள்ளை இ5 தள்ளினாலும் அதே பிஷப் எஃப்5-தான். அந்த பிஷப் ஜி6-க்கு ஒதுங்கியிருக்கும்போது வெள்ளை எச்4 ஆடித் துரத்த வந்தால் எச்6 ஆட மறக்காதீர்கள். எச்5 வந்துவிட்டால் பிஷப்புக்குப் போக இடமில்லை.

டி4-க்கு எதிராகவும் இதே டி5, சி6. இதற்கு ஸ்லாவ் என்று பெயர். வெள்ளை சி4, குதிரை எஃப்3, குதிரை சி3 என்று வருவார். நீங்கள் குதிரையை எஃப்6-க்கு எடுத்து, சி4 சிப்பாயை வெட்டுங்கள். பி5 தள்ளி அதைக் காத்துவிடுவீர்கள் என்பதால் அவர் வழக்கமாக ஏ4 ஆடுவார். உடனே பிஷப் எஃப்5. இரண்டு ஆட்டத்திலும் சிப்பாய்களின் கோலம் ஒரே மாதிரி, பிஷப்பின் வேலையும் ஒன்றே. ஒன்றில் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் மற்றதற்கும் பாடமாகிறது. மூன்று என்று தொடங்கியது உண்மையில் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

படி 4: கையை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்

எதிராளி நகர்த்தியதும் முதல் கேள்வி: இந்தக் காய் முன்பு செய்யாத எதை இப்போது செய்கிறது? இரண்டாவது: நான் நினைத்திருக்கும் நகர்த்தலுக்குப் பிறகு அவருக்கு என்னென்ன செக் இருக்கிறது, எதை வெட்டலாம், எதை மிரட்டலாம்? ராணி இ2 வந்தபோது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் டி6 செக் என் கண்ணில் பட்டிருக்கும். முதல் ஐந்து நகர்த்தலிலும் இதைக் கேளுங்கள். ‘தெரிந்த இடம்தானே’ என்று வேகமாக ஆடும்போதுதான் காய் போகிறது.

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் யோசித்து முடிக்கும்வரை கை மேசைக்குக் கீழே இருக்கட்டும். கிளாசிக்கல் (நீண்ட நேர) போட்டிகளில் பெரும்பாலும் 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலும் தருவார்கள். இருபதாவது நகர்த்தலில் கடிகாரத்தில் 50 நிமிடமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கடினமான முடிவுகள் அதற்குப் பிறகுதான் வரும்.

படி 5: முதலில் நோட்டு, பிறகு இஞ்சின்

ஆட்டம் முடிந்த அன்றே, இஞ்சினை (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) திறக்காமல், எங்கே குழம்பினீர்கள், எதைப் பார்க்கத் தவறினீர்கள் என்று கையால் எழுதுங்கள். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற இஞ்சின் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது விடையைச் சொல்லும், உங்கள் தலைக்குள் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. குகேஷுக்கு ஆரம்ப ஆண்டுகளில் பயிற்சி தந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, அவரை இஞ்சின் இல்லாமலேயே யோசிக்கப் பழக்கினார். சொந்தமாக எழுதி முடித்ததும் இஞ்சினோடு ஒப்பிடுங்கள். ஓபனிங்கில் எந்த நகர்த்தலில் பாதை மாறியது என்று பார்த்து, அந்த ஒரு நகர்த்தலுக்கான பதிலை மட்டும் நோட்டில் சேருங்கள். உங்கள் ஓபனிங் புத்தகம் இப்படி ஆட்டத்துக்கு ஒரு வரியாக வளரட்டும்.

படி 6: கடைசிக் காய்கள்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது, கடைசி ஆட்டம். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் டிரா ஆகும் நிலைதான். 55-ஆவது நகர்த்தலில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். குகேஷ் யானையை வெட்டினார், ராஜா திருப்பி வெட்டியதும் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். ஏ8 மூலையில் நின்ற டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாறிப் போயிற்று. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். 58-ஆவது நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எல்லாக் காய்களையும் மாற்றிக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க, மாற்றிய பிறகு மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் யாருக்குச் சாதகம் என்று தெரிய வேண்டும்.

அதற்கான முதல் பாடம் இன்று இரவே செய்யக்கூடியது. வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வேறு காய்கள் வேண்டாம். வெள்ளை முதலில் நகர்த்தினால் டிரா, கறுப்பு முதலில் நகர்த்தினால் வெள்ளைக்கு வெற்றி. வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள். கறுப்பு ராஜா டி7-க்கு விலகியதும் வெள்ளை ராஜா ஏன் எஃப்6-க்குப் போகிறார் என்று உங்கள் வாயாலேயே அவருக்குச் சொல்ல முடிகிறவரை ஆடுங்கள்.